கிளாசில் மிஞ்சிய சிவப்புப் பூ

இதை எழுதலாமா, விடலாமா என்று முப்பது வருடத்துக்கு மேல் யோசித்துவிட்டேன். மூன்று தரம் தொடங்கினேன். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினேன். முதல் இரண்டு தரமும் நானே கிழித்துப் போட்டேன். மூன்றாம் தரம் எழுதியதில் என் மனைவி கடுகைச் சுற்றி வைத்துவிட்டாள். தெரியாமல் செய்தாளா, தெரிந்துதான் செய்தாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை சொல்லமாட்டேன்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. சென்ற வருடம், நாங்கள் குடியேறிய இந்தக் குளிர் நாட்டில், றிச்மண்ட் ஹில் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் கதைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் சொன்னார்:

"அந்த நாளையிலை பார்க்டேலிலை எங்கடை ஆள் ஒருத்தர் இருந்தவராம். மான் சுடப் போக முன்னம் பூக்கட்டிப் பாத்தவராம். எந்தத் தோட்டா எண்டு பிள்ளையார் காட்டிக் குடுத்திட்டார். ஒரே வெடிதானாம். மான் நிண்ட இடத்திலை விழுந்திட்டுதாம்."

மற்றவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் தட்டுச் சரிந்து சாம்பார் வழிந்தது. அந்தப் பூவைக் கட்டியவன் நான். மான் நின்ற இடத்தில் விழவில்லை.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். அவர் உயிரோடு இருக்கிறாரோ என்னவோ, பெயர் போடச் சொல்லி என்னிடம் கேட்டவரில்லை. நாங்கள் அவரை அண்ணை என்றே கூப்பிட்டோம், இங்கும் அப்படியே இருக்கட்டும்.

அண்ணை மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கத்தவர். நாங்கள் யாழ்ப்பாணத்தவர்கள். எண்பத்துநான்கின் கடைசியில் பார்க்டேல் என்ற நகரப் பகுதியில் எங்கள் வீட்டின் சின்ன அறைக்கு வந்து சேர்ந்தார். அவருக்கும் எனக்கும் மேசை நாற்காலி செய்கிற ஒரே தளபாடத் தொழிற்சாலையில் வேலை. நான் கதிரைகளுக்குத் துணி அடிப்பவன், அவர் கால் பூட்டுபவர். கொழும்புக் கலவரத்தில் அடித்து முறித்த வலது தோள், சரியாகப் பொருந்தாமல் ஒரு பக்கம் சரிந்திருக்கும். நடக்கும்போது யாரோ கூப்பிட்டதைக் காதுகொடுத்துக் கேட்கிறவர் மாதிரி இருப்பார்.

உண்மையிலும் அவர் கேட்கிறவர்தான். எதை எடுப்பதென்றாலும் ஊரைக் கேட்டுத்தான் எடுப்பார். ஒரு தக்காளிக்காகக் கடைக்காரனைக் கேட்பார், பக்கத்தில் நிற்கிற கிழவியைக் கேட்பார், பிறகு வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சரியாக எடுத்தேனா என்று கேட்பார். முதல் குளிர்காலத்தில் சப்பாத்து வாங்க மூன்று கிழமை எடுத்தார். தெருவில் ஓடுகிற ட்ராம், ஸ்ட்ரீட்காரில் ஏறினால் யன்னலைப் பார்க்கமாட்டார், சனத்தின் காலைப் பார்ப்பார். நல்ல சப்பாத்தாகக் கண்டால், "குட்? கோல்ட் நோ?" என்று கேட்பார். ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா ஓடுகிற ஸ்ட்ரீட்காரிலேயே தன் சப்பாத்தைக் கழற்றி உள்ளே இருக்கிற கம்பளியை அவருக்குக் காட்டியதை என் கண்ணால் கண்டேன். நான் வெட்கத்தில் அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டேன்.

என் மனைவி அவரைச் சீண்டுவாள்.

"அண்ணை, பொம்பிளை பாக்கப் போனாலும் நீங்கள் இப்பிடித்தானோ?"

"அதாலதான் புள்ள இன்னும் கலியாணம் ஆகல்ல" என்பார். சிரிக்கமாட்டார்.

எனக்கு அவரில் விளங்காத விசயம் வேறு. எங்கள் கட்டடத்தில் எலி. கட்டடத்தைப் பார்க்கிற ஆள் பசை பூசிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து அடுப்புக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். அண்ணை அதை வைக்க விடவில்லை. எலிக்கு இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன், எனக்கும் சந்தோசம், பிள்ளையாருடைய வாகனமல்லவா. ஆனால் அடுத்த சனிக்கிழமை அவர் நாலு விதமான விசைப்பொறி வாங்கிவந்து மேசையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் பென்சிலை நீட்டினார். மூன்றில் பென்சில் நசிந்தது. நாலாவதில் இரண்டாகத் தெறித்தது.

"இது" என்றார்.

"என்னண்ணை, பாவமெல்லே!" என்றாள் என் மனைவி.

"பாவந்தான். பசையில ஒட்டினா ரெண்டு நாள் கத்தும் புள்ள. சாகிறது சாகட்டும். கிடந்து சாகக்கூடாது."

இதை இரக்கம் என்பதா கல்மனம் என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் அவர் மச்சம், அதாவது மீன் இறைச்சி, தொடாதவர். வெள்ளி, செவ்வாய் மட்டுமல்ல, என்றைக்குமே தொடமாட்டார். அதையும் நான் பக்தி என்றுதான் எண்ணியிருந்தேன்.

எண்பத்தாறாம் ஆண்டு இலை உதிரத் தொடங்கிய நேரம், தொழிற்சாலையில் எங்கள் வேலையை மேற்பார்க்கிற போர்மன் அண்ணையை மான் வேட்டைக்குக் கூப்பிட்டார். போர்மன் நெட்டையான கிழவர், நல்ல மனுசன். ஒவ்வொரு நவம்பரும் வடக்கே காட்டுக்குப் போவார். அண்ணைக்கு ஊரில் துவக்குப் பிடித்த பழக்கம் இருந்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். துப்பாக்கியைத்தான் நாங்கள் துவக்கு என்போம். மச்சம் தின்னாத மனுசன், மாட்டேன் என்று சொல்வார் என்று பார்த்தேன். அவர் ஓம் என்றுவிட்டார். அதற்கான வகுப்புக்குப் போனார், பரீட்சை எழுதினார், லைசன்சும் எடுத்தார்.

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு பின்னேரம் தேநீரை அவருக்கு முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணை, மச்சமும் தின்னமாட்டியள். பிறகேன் அந்தச் சீவனைக் கொல்லப் போறியள்?"

அன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சொன்னார். என்னை மனே என்பார், மகனே என்பது அவருடைய ஊரில் அப்படித்தான். ஊரில் போடியார் ஒருவருடைய, பெரிய நிலக்காரருடைய, வயலுக்கு அவர் காவல். கிளி, கொக்குக் கலைக்கப் போடியாருடைய துவக்கு அவர் கையில் இருக்கும். அதற்குள் குருவிக்குப் போடுகிற சின்னச் சன்னத் தோட்டா, ஈயக் குண்டு தினையளவுதான். ஒரு விடியற்காலை வரம்போரம் ஒரு பெண்மான் நின்றது. பெரிய சன்னம் வைத்த தோட்டா குடிலுக்குள் இருந்தது. எட்டிப்போய் எடுத்து மாற்றியிருக்கலாம்.

"மாத்தல்ல மனே. கையில இரிந்ததால சுட்டன். விழல்ல. ஓடிச்சு. நாலாம் நாள் குளத்துக் கட்டில கண்டன். உயிர் இரிந்திச்சு. இலையான் மொய்ச்சிக் கண் தெரியல்ல. ஆனா கண்ணைத் துறந்து என்னைப் பாத்திச்சு."

தேநீர் ஆடை பிடித்துக்கொண்டிருந்தது. அவர் குடிக்கவில்லை.

"அண்டைக்குக் கோயிலில சத்தியம் பண்ணினன். என்ர கையால அடிபட்டு ஒரு சீவன் இனி ஓடக்கூடாது எண்டு."

நான் விட்டேன் ஒரு பெருமூச்சு. "அப்ப அண்ணை, சத்தியம் எண்டால் சுடாமல் இருக்கிறதுதானே? போகாதையுங்கோ."

"அதைத்தானே பத்து வருசமாச் செய்யுறன். மரக்கறி தின்னுறன், துவக்கைத் தொடுறதில்ல. அந்தக் கண் போகல்ல. ஒருக்காச் சரியாச் செய்துபோட்டுத்தான் விடவேணும். விடுறது வேற மனே, ஓடுறது வேற."

எனக்குப் பிடிபடவில்லை. ஒரு பாவத்தைச் சரியாகச் செய்து முடிக்கிறது என்றால் என்ன? நான் படித்த தேவாரத்தில் அப்படி இல்லை. கந்தசட்டி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லி மறிக்கப் பார்த்தேன்.

"விரத நாளிலையோ அண்ணை?"

"ஆறு நாள் பட்டினி கிடந்து, கடைசி நாள் சூரனைக் கொல்லுறதைத்தானே நீங்களும் பாக்கிறீங்க?" என்றார். நான் காதைப் பொத்தினேன். என் மனைவி சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையில் குட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் கதை எல்லாம் தோட்டாதான். போர்மனிடம் இரவல் கொடுக்க இரண்டு துவக்குகள் இருந்தன. ஒன்று அவருடைய மகளுடையது, இருநூற்று நாற்பத்துமூன்று என்பார்கள், மெல்லிய தோட்டா. மற்றது முன்னூற்றெட்டு, தடித்த தோட்டா. அண்ணை அவற்றைச் சின்னது, பெரியது என்பார். எந்தத் தோட்டாவோ அந்தத் துவக்கு. மாற்றிப் போடமுடியாது.

இரண்டு சனிக்கிழமை போர்மன் அவரைச் சரளை அள்ளிய பள்ளமான ஒரு கிரவல் கிடங்குக்குக் கூட்டிப்போய்ச் சுட்டுப் பழக்கினார். அண்ணை தான் சுட்ட மட்டைகளைச் சுருட்டிக்கொண்டு வந்து எங்கள் வரவேற்பறையில் விரித்தார். சின்னதால் சுட்ட ஓட்டைகள் ஒரு தேநீர்க் கோப்பைத் தட்டுக்குள் அடங்கின. பெரியதால் சுட்டவை சிதறிக் கிடந்தன. பெரியது உதைக்கும். அவருடைய முறிந்த தோள் அந்த உதை வருமுன்னமே பயந்து துள்ளிவிடும்.

"அப்ப சின்னதுதானே அண்ணை? இதிலை என்ன யோசனை?" என்றேன்.

அவர் சட்டையை விலக்கித் தோளைத் தடவிக்கொண்டு சொன்னார். "சின்னது நான் வைச்ச இடத்தில போகும். ஆனா மான் திரும்பித் தோள் எலும்பில பட்டா உள்ளுக்குப் போகாம நிண்டிடும். பெரியது எலும்பையும் முறிச்சுக்கொண்டு நெஞ்சுக்குப் போகும். ஆனா நான் வைச்ச இடத்தில போகாது."

அதாவது, கை சரியென்றால் தோட்டா போதாது. தோட்டா சரியென்றால் கை போதாது. எனக்கு விளங்கியது அவ்வளவுதான், அதை விளங்கிக்கொள்ளவே எனக்கு மூன்று நாள் எடுத்தது.

அண்ணை கேட்கத் தொடங்கினார். போர்மன் பெரியது என்றார். தொழிற்சாலையில் பெயின்ற் அடிக்கிறவன் சின்னது என்றான். தோட்டா விற்கிற கடைக்காரர் அவருடைய தோளைப் பார்த்துவிட்டுச் சின்னது என்றார், பிறகு போர்மன் போகும் காட்டில் மான் பெரிது என்று அறிந்து பெரியது என்றார். குளிர்சாதனப்பெட்டி வந்த அட்டையை விரித்து அதில் ஒரு மானை வரைந்தார். நெஞ்சைச் சிவப்பாலும் தோள் எலும்பை நீலத்தாலும் காட்டினார். அந்த மான் எங்கள் சுவரில் சாமிப்படத்துக்கு எதிரே நின்றது. நான் விளக்கேற்றும்போதெல்லாம் முதுகில் அதன் பார்வை படும்.

"உந்த மானைக் கழட்டச் சொல்லுங்கோவன்" என்றாள் மனைவி.

"நீர் சொல்லும்."

"நான் சொல்லேலாது. அவர் ஒருக்காத்தான் வெல்லப் பாக்கிறார். பாவம்."

ஞாயிறு அவர்கள் புறப்படவேண்டும். எந்தத் துவக்கை வண்டியில் ஏற்றுவது என்று போர்மன் சனி பின்னேரம் போனில் கேட்பதாகச் சொல்லியிருந்தார். சனி காலை அண்ணை குளித்து, விபூதி பூசிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றார். கண் சிவந்திருந்தது.

"மனே, மனிசரைக் கேட்டு முடிஞ்சிது. நீ விரதகாரன். பூக்கட்டிப் பாத்துச் சொல்லு."

எங்கள் ஆட்களுக்கு இது தெரிந்த விசயம். மனம் இரண்டுபட்டால் வெள்ளைப் பூ ஒன்றும் சிவப்புப் பூ ஒன்றும் தனித்தனியே பொட்டலமாகக் கட்டிச் சாமிக்கு முன் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்லுவோம். வந்த பூ எதுவோ அதுதான் உத்தரவு. கலியாணத்துக்குக் கேட்போம், காணி வாங்கக் கேட்போம். தோட்டாவுக்குக் கேட்டவர் அண்ணை ஒருவராகத்தான் இருப்பார்.

"மான் சுடுறதுக்குப் பூத் தேடுது என்ரை மனுசன்" என்று முணுமுணுத்தபடியே என் மனைவி என்னைக் கடைக்கு அனுப்பினாள். நவம்பர் மாதத்தில் என்ன பூ? வாளியில் கார்னேசன் இருந்தது. ஒரு கட்டில் மூன்று பூ: இரண்டு வெள்ளை, ஒன்று சிவப்பு. கொண்டுவந்து கிளாசில் தண்ணீர் விட்டுச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வெள்ளை என்றால் சின்னது, சிவப்பு என்றால் பெரியது. அண்ணைதான் சொன்னார். சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனார். நான் கிளாசை எடுத்துக்கொண்டு சமையல் நடக்கிற குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பொட்டலம் கட்டினேன்.

இந்த இடத்தில்தான் மூன்று தரமும் எழுத்து நின்றது.

நான் இரண்டு வெள்ளைப் பூவையும் கிள்ளினேன். ஒன்றை ஒரு தாளில் சுற்றினேன், மற்றதை மற்றத் தாளில் சுற்றினேன். சிவப்பு கிளாசிலேயே நின்றது. ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் மூன்று காரணம் சொல்வேன், மூன்றும் உண்மையா என்று தெரியாது. சின்னத் தோட்டா என்றால் சின்னப் பாவம் என்று நினைத்தேன். சின்னதாக ஒன்று பட்டால் சின்னதாக நோகும், மான் பிழைத்தும் போகலாம் என்று நினைத்தேன். அவருடைய தோளையும் நினைத்தேன். வயிறு காய்ந்த மூளை. எலிப்பொறியைப் பார்த்த நான், பென்சில் நசிந்த மூன்று பொறியையும் அவர் ஏன் ஒதுக்கினார் என்று கண்ணால் கண்ட நான், அதை நினைக்கவில்லை. முருகா, எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

கிளாசையும் பொட்டலங்களையும் கொண்டுபோய்ச் சாமிப்படத்துக்கு முன் வைத்தேன். கிளாசை ஏன் திரும்பக் கொண்டுபோனேன்? பழக்கம். சாமிக்கு வாங்கிய பூ சாமிக்கு முன்தான் இருக்கவேண்டும்.

அண்ணை நிலத்தில் சம்மணமிட்டு இருந்தார். தேவாரம் ஒன்று படித்தேன். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள்.

"வெள்ளை அண்ணை."

அண்ணை பொட்டலத்தைப் பார்க்கவில்லை. சாமிப்படத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. சாமி சொன்னாச் சரி" என்றார். மற்றப் பொட்டலத்தை நான் பிரிக்காமல் மடியில் கட்டிக்கொண்டேன். பின்னேரம் போன் வந்தது. "ஸ்மோல் வன்" என்று சொல்லி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் போர்மன் வைத்தியசாலையிலிருந்து போன் எடுத்தார். நானும் மனைவியும் போனோம். அவர் நடைக்கூடத்தில் வைத்து என்னிடம் சொன்னதில் எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். திங்கள் பின்னேரம் ஒரு ஆண்மான் வந்தது. அண்ணை அவசரப்படவில்லை. அவர் வைத்த குறி அச்சொட்டாகச் சரி, அப்படி ஒரு குறியை நான் கண்டதில்லை என்றார் போர்மன். வெடிக்கிற நேரம் மான் திரும்பியது. தோள் எலும்பில் பட்டுச் சன்னம் அங்கேயே நின்றுவிட்டது. மான் ஓடியது.

"பெரியது எண்டால்?" என்று கேட்டேன்.

போர்மன் தோளைக் குலுக்கினார். விழுந்திருக்கலாம், அல்லது படவே பட்டிருக்காது, மான் சும்மா போயிருக்கும் என்றார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்ததா, இன்னும் கூடியதா, சொல்லத் தெரியவில்லை.

இருட்டப் போகிறது, விடிந்து தேடுவோம் என்று போர்மன் கையைப் பிடித்திருக்கிறார். அண்ணை கையை உதறிவிட்டுப் போய்விட்டார். பனியில் இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் போயிருக்கிறார். ஒரு சதுப்பில் தடம் தப்பிவிட்டது. இவர்கள் லைற் பிடித்துத் தேடியும் காணவில்லை. அடுத்த நாள் முற்பகல்தான் இரண்டாவது வெடிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் மானின் கழுத்தில் கை வைத்தபடி இருந்தாராம். மூன்று கிழமை கேட்டுக் கேட்டு வாங்கிய அந்தச் சப்பாத்துக்குள் ஓடைத் தண்ணீர் போய் உறைந்திருந்தது. பின்னர் இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

கட்டிலில் முகம் வெளுத்துக் கிடந்தார். என் மனைவி விபூதி பூசிவிட்டாள். அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் நான் கிட்டப் போனேன். சொல்லிவிடுவதென்றுதான் போனேன்.

"அண்ணை, நான்..."

"குறி பிழைச்சிட்டு மனே" என்றார். "பூவில ஒரு பிழையும் இல்ல."

நான் பூவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. குறி சரி என்று போர்மன் சொல்லிப் பத்து நிமிடம் ஆகவில்லை. அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றப் போனேன். சிவப்புப் பூ கிளாசில் நின்றது, ஓரம் மட்டும் கறுத்திருந்தது. என் மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"நான் அண்டைக்கே கண்டனான்" என்றாள்.

"என்னத்தை?"

"நீங்கள் வாங்கினது ரெண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. ஒரு வெள்ளையும் ஒரு சிவப்பும் கட்டினால் கிளாசிலை வெள்ளையெல்லோ மிஞ்சவேணும்?"

நான் கிளாசைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

"அண்ணையும் கண்டவரோ?"

"எனக்கென்ன தெரியும்? அவர் இந்தப் பக்கந்தான் பாத்துக்கொண்டிருந்தவர். சாமியைப் பாத்தாரோ, கிளாசைப் பாத்தாரோ."

"கண்டால் சொல்லியிருக்கமாட்டாரே? அவருக்கு இது எவ்வளவு பெரிய விசயம்!"

"நான் கண்டும் சொல்லேல்லையே" என்றாள்.

இதைத்தான் நான் முப்பது வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கண்டிருந்தால் ஏன் சின்னதைக் கொண்டுபோனார்? நான் இட்ட உத்தரவையே சாமி உத்தரவாக எடுத்தாரா? கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய் யாராவது ஒருவர் முடித்துவைத்தால் போதும் என்று இருந்தாரா? என்னை என் மனைவிக்கு முன்னால் வெட்கப்படுத்தக் கூடாதென்றா? காணவில்லையென்றால், ஆஸ்பத்திரியில் நான் கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொன்னார்? ஐயர் ஒருவரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். நல்லெண்ணத்தோடு செய்தது, தோசமில்லை என்றார். அவர் எலிப்பொறியைப் பார்த்தவரில்லை.

அண்ணை ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்த கிழமையே, தொழிற்சாலையில் எங்கள் ஆட்கள் சிலர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "என்ன, மான் கிடைச்சதாமே? பூச் சரியாச் சொல்லிச்சோ?" என்று கேட்டார்கள். நான், "ஓம்" என்றேன். அந்த ஒரு ஓம்தான் வளர்ந்து வளர்ந்து அன்னதான வரிசைக்கு வந்து நின்றது.

அவர் என்னில் கோபப்பட்டவரில்லை. முன்போலவே பகிடி விட்டு எங்களைச் சிரிக்கவைத்தார். ஆனால் ஒன்று போய்விட்டது. அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கடைக்குப் போனால் கையில் பட்ட தக்காளியைப் போட்டுக்கொண்டு வருவார், பாதி அழுகியிருக்கும். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் அழுகியதை வெட்டி எறிவாள். சுவரிலிருந்த அட்டை மானை அவரே கழற்றினார். பனி கரைந்ததும் ஒரு கூட்டாளியோடு வேறு ஊருக்கு வேலைக்குப் போவதாகச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டேன். "அவன் போற ஊர்" என்றார்.

போகுமுன் மூவரும் கோயிலுக்குப் போனோம். தேங்காய் அடிக்கவேண்டும். முன்பென்றால் குவியலில் கால்மணி நேரம் நிற்பார். காதில் வைத்து ஆட்டுவார், கண் பார்ப்பார், ஐயரிடமும் கேட்பார், பின்னால் நிற்கிறவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அன்றைக்குக் குனியக்கூட இல்லை. கைக்கு எட்டிய மேல்தேங்காயை எடுத்தார்.

"அண்ணை, ஆட்டிப் பாருங்கோவன்" என்றேன். எனக்கு அழுகை வந்தது.

"எல்லாம் ஒண்டுதான் மனே" என்று அடித்தார். நல்ல தேங்காய். வெள்ளைவெளேரென்று இரண்டாகப் பிளந்தது. அவர் அதைப் பார்க்காமலே திரும்பி நொண்டி நொண்டிப் போனார்.

அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. நான் இன்றும் பூக்கட்டிப் பார்ப்பதில்லை. யாரும் கேட்டால் கை நடுங்குகிறது, வயசாகிவிட்டது என்று தட்டிவிடுவேன்.

இதை வாசித்தவர்கள் யாருக்காவது சொல்லத்தான் போகிறீர்கள், கதை அப்படித்தான் போகும். சொல்லுங்கள், நான் மறிக்கவில்லை. ஆனால் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதை அழகாக்காதீர்கள். மானை ஒரே வெடியில் விழுத்தவேண்டாம். அது ஒரு பின்னேரத்திலிருந்து அடுத்த நாள் முற்பகல்வரை கிடந்தது, அந்த நேரத்தைக் குறைக்கவேண்டாம். காலில் போனது இரண்டு விரல். வாங்கியது மூன்று பூ, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை, சிவப்பு கிளாசில் நின்றது. பிள்ளையாரை இதற்குள் இழுக்கவேண்டாம், அன்றைக்கு அவரைக் கேட்கவே நான் விடவில்லை. அண்ணை அந்தச் சிவப்புப் பூவைக் கண்டாரா என்று யாராவது கேட்டால், கட்டியவனுக்கே தெரியாது என்று சொல்லுங்கள். அதை மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள்.